டெல்டாவில் வீடு விற்க யாரைப் பிடிப்பது: தெருத் தரகரா, டவுன் ஏஜென்ட்டா, பத்திர ஆபீஸா, நாமேவா?

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், மன்னார்குடி பக்கம் பூர்வீக வீட்டை விற்க நினைக்கும் பலர் இப்போது அந்த ஊரில் இல்லை. சென்னையிலோ பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். வீடு பூட்டிக் கிடக்கிறது, சாவி எதிர் வீட்டில். இவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: “புரோக்கரிடம் சொல்லி ஆறு மாதம் ஆகிறது, போன் போட்டால் எடுப்பதே இல்லை. வேறு யாரைப் பிடிப்பது?”

தரகர் மாதச் சம்பளக்காரர் இல்லை. பத்திரம் பதிவானால்தான் அவருக்குக் காசு. எந்த வீடு சீக்கிரம் முடியும் என்று படுகிறதோ அதற்குத்தான் அலைவார். உங்கள் போனை எடுக்கவில்லை என்றால், இந்த வீடு நகராது என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டார், அதை உங்களிடம் சொல்லச் சங்கடப்படுகிறார் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். நகராததற்கு விலை காரணமாக இருக்கலாம், பேப்பர் காரணமாக இருக்கலாம், உங்கள் வீட்டை வாங்கக்கூடிய ஆள் அவருடைய வட்டத்திலேயே இல்லாமலும் இருக்கலாம். கடைசிக் காரணம் என்றால் மட்டுமே ஆளை மாற்றிப் பலன் உண்டு. முதல் இரண்டில் ஒன்று என்றால் அடுத்த தரகரும் இரண்டு மாதத்தில் போனை எடுக்காமல் விடுவார்.

## எதை வைத்து எடை போடுவது

வாங்குபவர் எங்கிருந்து வருவார்? அக்ரஹாரத்து வீடு, 20 அடி அகலம், 130 அடி நீளம், முன்னே திண்ணை, நடுவே முற்றம், பின்னே கொல்லை என்றால் முதல் கிராக்கி பக்கத்து வீட்டுக்காரர்தான். இரண்டையும் சேர்த்தால்தான் அவருக்கு அகலம் கிடைக்கும். அடுத்து, ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குத் திரும்பும் அந்தத் தெருக்காரர்கள். கிராமத்து ஓட்டு வீட்டை அதே ஊரில் வெளிநாட்டுச் சம்பாத்தியம் உள்ள குடும்பம் மனைக்காக வாங்கும். டவுனை ஒட்டிய புது நகரில் பத்து வருடத்து மாடி வீடு என்றால் ஆசிரியர், மின்வாரிய ஊழியர், வங்கிக்காரர் என்று மாதச் சம்பளக்காரர்கள் வருவார்கள்.

பணம் எந்த வழியில் வரும்? கடன் வாங்கி வருபவருக்கு வங்கியின் வக்கீல் கருத்து, மதிப்பீட்டாளர் அறிக்கை, கட்டட அனுமதி எல்லாம் வேண்டும். அறுபது வருடத்து ஓட்டு வீட்டின் கட்டடத்துக்கு மதிப்பீட்டாளர் பெரிதாக எதுவும் போடமாட்டார். அப்படிப்பட்ட வீட்டுக்குக் கையில் பணம் உள்ளவர்தான் வர வேண்டும், அவரைக் கொண்டுவரத் தெரிந்தவர்தான் உங்களுக்கு வேண்டும்.

பதில் சொல்லும் விதம். ஒரே ரிங்கில் போனை எடுப்பது பெரிய விஷயமில்லை. யார் வந்து பார்த்தார்கள், என்ன விலை சொன்னார்கள், ஏன் பின்வாங்கினார்கள் என்று நீங்கள் கேட்காமலே சொல்கிறாரா? அதுதான் பதில்.

பேப்பர் வேலை யார் தலையில்? பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் காட்டுவது) என்று அலைய உங்களுக்கு ஊரில் ஆள் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது இது.

கண்ணுக்குத் தெரியாத செலவு. கமிஷன் சதவீதம் இதில் சின்னப் பகுதிதான். மேலே வைத்து விற்பது (உங்களிடம் சொன்ன விலைக்கு மேல் விற்று, வித்தியாசத்தைத் தரகரே எடுத்துக்கொள்வது), சாவி, பவர் (உங்கள் சார்பில் விற்க எழுதித் தரும் அதிகாரப் பத்திரம்), டோக்கன் தகராறு ஆகியவற்றில் போகும் பணம் அதைவிடப் பெரியது.

## தரகரைத் தேடும் முன்

இந்த வேலையை முடிக்காமல் எந்த ஏஜென்ட்டிடம் போனாலும் பயனில்லை.

வில்லங்கச் சான்று குறைந்தது 30 வருடத்துக்குப் போடுங்கள். பதிவுத்துறையின் இணையதளத்திலேயே எடுக்கலாம். தாத்தா காலத்து அடமானம் ஒன்று ரசீது பதியாமல் நிற்பதை அதில்தான் பார்ப்பீர்கள். பட்டா இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். இறந்துபோன அப்பா பெயரிலேயே இருந்தால் முதலில் வாரிசுகள் பெயருக்கு மாற்ற வேண்டும். நகராட்சி எல்லைக்குள் என்றால் நகர நில அளவைப் பதிவேட்டு நகல் வாங்குங்கள்.

வாரிசுச் சான்று வட்டாட்சியரிடமிருந்து வர வேண்டும். அப்பா சொந்தமாகச் சம்பாதித்துக் கட்டிய வீடு, உயில் இல்லை என்றால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் உண்டு. “அக்காவுக்குக் கல்யாணத்துலயே எல்லாம் செஞ்சாச்சு” என்பது பதிவு அலுவலகத்தில் செல்லாது. அக்கா கையெழுத்துப் போட வர வேண்டும், அல்லது தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும்.

இங்கே அதிகம் கோளாறு ஆகும் இடம் ஒன்று உண்டு. பழைய பத்திரத்தில் “கிழமேல் அடி 132, தென்வடல் அடி 21” என்று இருக்கும். நான்கு எல்லையில் எழுதியிருக்கும் பெயர்கள் ஐம்பது வருடத்துக்கு முன் இறந்தவர்களுடையவை. புல வரைபடத்தில் பார்த்தால் நீளம் நான்கைந்து அடி குறையும். கொல்லைப்புறச் சுவரைப் பக்கத்துக்காரர் தள்ளிக் கட்டியிருப்பார், அல்லது பின்னால் இருந்த வாய்க்கால் புறம்போக்கு வரை நம் தாத்தா வேலி போட்டிருப்பார். அட்வான்ஸ் வாங்கிய பிறகு இது வெளியே வந்தால் வாங்குபவர் விலையை அடிப்பார். முதலிலேயே உரிமம் பெற்ற சர்வேயரை வைத்து அளந்து, உண்மையான அளவைச் சொல்லியே விற்பது நல்லது.

அளவைச் சொல்லும் மொழியும் ஆளுக்கு ஆள் மாறும். கிராமத்தார் குழியில் கேட்பார்கள்: இந்தப் பக்கம் 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. டவுனில் சதுர அடி. சென்னையிலிருந்து வருபவர் 2,400 சதுர அடி கிரவுண்டில் கணக்குப் போடுவார். மூன்றையும் எழுதி வையுங்கள்.

அடிமனை வீடா என்று பாருங்கள். கும்பகோணத்திலும் மயிலாடுதுறைப் பக்கத்திலும் கோயில், மட நிலத்தில் நிற்கும் வீடுகள் ஏராளம். கட்டடம் உங்களுடையது, மண் சாமியுடையது, வருடா வருடம் அடிமனை வாடகை ரசீது இருக்கும். கோயில் நிலத்தை அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. அடிமனையையும் சேர்த்துக் கிரயம் செய்து தருவதாகச் சொல்லும் தரகர் யாராக இருந்தாலும் விலகிவிடுங்கள். கோயில் நிர்வாக அலுவலரிடம் பாக்கி வாடகையைத் தீர்த்து, வாடகைதாரர் பெயர் மாற்றத்துக்கு வழி இருக்கிறதா என்று எழுத்தில் கேட்ட பிறகே மற்ற பேச்சு.

## தெருத் தரகர்

டீக்கடை பெஞ்சிலும் கோயில் வாசலிலும் கிடைப்பவர். பெரும்பாலும் விவசாயம், நெல் தரகு, கல்யாணத் தரகு என்று இன்னொரு தொழிலும் இருக்கும். இவருடைய பலம் தகவல். யார் வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், யாருக்குப் பாகம் பிரிந்து பணம் வந்திருக்கிறது, எந்த வீட்டுப் பையன் துபாயிலிருந்து இந்த வருடம் மனை வாங்கச் சொல்லியிருக்கிறான் என்று இவருக்குத் தெரியும். எந்த இணையதளத்திலும் இது கிடைக்காது.

பணம் எப்போது புழங்கும் என்பதும் இவருக்கு அத்துப்படி. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ஐ ஒட்டி விவசாயி கையில் உள்ளதெல்லாம் வயலில் இறங்கும். சம்பா அறுத்துத் தை, மாசியில் நெல் காசு வந்த பிறகுதான் வீடு, மனை பேச்சு எழும். ஆடியிலும் மார்கழியிலும் கிரயம் பேச மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒழுகும் ஓட்டு வீட்டைக் காட்டுவதும் வீண்.

பலவீனம்: எழுத்து என்றால் ஆகாது. யாரைக் கூட்டிவந்தார் என்பதற்குப் பதிவு இருக்காது. வெளியூர் ஆளைக் கொண்டுவர மாட்டார். கடன் வாங்குபவருக்கான வங்கி வேலை தெரியாது.

கமிஷன் பேச்சு வழக்கத்தில் இரு பக்கமும் இரண்டு சதவீதம் என்று தொடங்கி, பெரிய தொகையில் ஒன்றுக்கு இறங்கும். ஆனால் மறைவான செலவு வேறு இடத்தில். “சார், உங்களுக்கு ஐம்பது வந்தா போதும்தானே, மேல வர்றதை நான் பாத்துக்கிறேன்” என்பார். சம்மதித்தால், வாங்குபவரிடம் அவர் 56 சொல்வார். ஆறு லட்சம், அதாவது பன்னிரண்டு சதவீதம், கமிஷனாகப் போகிறது. அதைவிட மோசம், 52-க்கு வந்த நேர்மையான கிராக்கியை அவர் உங்களிடம் சொல்லவே மாட்டார், அவருக்கு அதில் இரண்டுதான் மிஞ்சும். வீடு ஒரு வருடம் நிற்கும். உங்களுக்குக் கிடைப்பதெல்லாம் போன் எடுக்காத தரகர்.

இவர் பொருந்துவது: கிராமத்து வீடு, பழைய கட்டடம், ரொக்கமாக வாங்கக்கூடிய உள்ளூர்க்காரர், பேப்பர் சுத்தம், ஊரில் உங்கள் பக்கம் ஒரு சித்தப்பாவோ மச்சானோ இருப்பது.

## டவுன் ஏஜென்ட்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை போன்ற இடங்களில் அலுவலகம், பலகை, இரண்டு பையன்கள், வாட்ஸ்அப் குழு என்று இருப்பவர். சிலர் ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிந்திருப்பார்கள். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பதிவான திட்டங்களில் மனையோ வீடோ விற்றுத் தரும் முகவர் பதிந்திருக்க வேண்டும் என்கிறது. உங்கள் பழைய தனி வீட்டை விற்றுத் தர அந்தப் பதிவு கட்டாயமில்லை. ஆனால் எண் இருந்தால், இதைத் தொழிலாகவே செய்கிறார் என்றாவது தெரிகிறது. எண்ணைக் கேட்டு ரெரா இணையதளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

இவருடைய பலம் கடன் வாங்கும் கிராக்கி. எந்த வங்கிக் கிளை எந்தப் பகுதிக்குக் கடன் கொடுக்கும், வக்கீல் எந்த மூலப் பத்திரம் கேட்பார், மதிப்பீட்டாளர் எவ்வளவு போடுவார் என்று தெரியும். ஆடிட்டர் பழக்கமும் இருக்கும், அது வெளிநாட்டில் இருப்பவருக்கு முக்கியம். விற்பனை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் ஒரு சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாடு வாழ் இந்தியர் என்றால் அந்த வரம்பே கிடையாது, பிடிக்கும் விகிதமும் மிக அதிகம். முன்கூட்டியே வருமான வரித்துறையிடம் குறைத்துப் பிடிக்கச் சான்று வாங்காவிட்டால், லாபத்தின் மீது மட்டும் பிடிக்காமல் மொத்த விலையின் மீதே பிடிப்பதுதான் நடைமுறை. பிறகு ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்க வேண்டும். இதைக் கேள்விப்படாத தரகர், பதிவு நாளன்று வாங்குபவர் மிரண்டு ஓடும்போது கையைப் பிசைவார்.

பலவீனம் என்னவென்றால், இவர் கையில் நாற்பது வீடு இருக்கும். சொந்த மனைப்பிரிவையும் விற்றுக்கொண்டிருப்பார், அதில்தான் லாபம் அதிகம். உங்கள் வீட்டைப் பார்க்க வருபவரை வண்டியில் ஏற்றி, போகிற வழியில் தன் மனையைக் காட்டுவதும் நடக்கும். உள்ளடங்கிய கிராமத்து வீடு என்றால் பட்டியலில் போட்டதோடு மறந்துவிடுவார்.

மறைவான செலவுகள்: விளம்பரம், பலகை, வீடியோ என்று முன்பணம் கேட்பது, டோக்கன் வாங்கும்போதே கமிஷனில் பாதியைக் கேட்பது, “ஒரு அக்ரிமென்ட் என் பேருக்குப் போட்டுடலாம், அப்பத்தான் தைரியமா செலவு பண்ணலாம்” என்பது. கடைசிக்கு மட்டும் எந்த நிலையிலும் தலையாட்டாதீர்கள். பதிவான கிரய ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் ஏறும். அவர் ரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாமல் அது எளிதில் இறங்காது. உங்கள் வீட்டை உங்களால் விற்க முடியாமல் போகும்.

பவரும் அப்படியே. தரகருக்குப் பொது அதிகாரப் பத்திரம் கொடுக்காதீர்கள். 2023 ஜூலையிலிருந்து குடும்பத்தார் அல்லாதவருக்கு விற்பனை அதிகாரம் கொடுத்துப் பதிய, சொத்து மதிப்பில் ஒரு சதவீதம் கட்டணமும் ஆகிறது. ஊருக்கு வரவே முடியாதென்றால் உடன்பிறந்தவருக்கோ பிள்ளைக்கோ கொடுங்கள். வெளிநாட்டில் எழுதிய பவரை இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பவரில் “கிரயத் தொகை முழுவதும் என் வங்கிக் கணக்கில் மட்டும்” என்ற வரி இருக்கட்டும்.

இவர் பொருந்துவது: டவுன் வீடு, நகர் விரிவில் உள்ள புது வீடு, கடன் கிராக்கி, விற்பவர் வெளிநாட்டில்.

## பத்திர ஆபீஸ் வழியாக

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் ஆவண எழுத்தர் முறைப்படி தரகர் இல்லை. ஆனால் அந்த வட்டாரத்தில் யார் விற்றார், யார் வாங்கினார், எவ்வளவுக்கு என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது. இன்று நிலம் விற்றவர் கையில் பணம் இருக்கிறது. எழுத்தர் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

வீட்டைக் காட்ட மாட்டார், விளம்பரம் செய்ய மாட்டார், பேரம் பேச மாட்டார். பேப்பரில் உள்ள ஓட்டையை மட்டும் முதல் நாளே சொல்லிவிடுவார், அதற்காகவாவது ஒருமுறை போய்ப் பார்க்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கத் தயார், விலையும் ஏறக்குறைய படிந்துவிட்டது என்றால் வேறு தரகரே வேண்டாம். எழுத்துக் கூலியோடு முடியும்.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: அவர் இரு பக்கத்துக்கும் எழுதுகிறார். உங்கள் பக்கம் பார்க்கத் தனியாக ஒரு வக்கீலிடம் வரைவைக் காட்டுங்கள்.

## நாமே விற்பது

99ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ், ஓஎல்எக்ஸ், பேஸ்புக் என்று போட்டுவிட்டுக் காத்திருப்பது. கமிஷன் மிச்சம். வரும் அழைப்புகளில் கணிசமானவை தரகர்களிடமிருந்தே வரும், “பார்ட்டி ரெடி சார், ரேட் மட்டும் சொல்லுங்க” என்று. அவர்களில் ஒருவர் பின்னாலும் வாங்குபவர் இருக்க மாட்டார். உங்கள் அடிவிலையைத் தெரிந்துகொள்ளும் வேலை அது.

மோசடிக்காரர்களும் வருவார்கள். வெளியூரில் வேலையாக இருப்பதாகச் சொல்லி, வீட்டைப் பார்க்காமலே அட்வான்ஸ் அனுப்புவதாகக் கியூஆர் கோடு அனுப்பினால் அங்கேயே நிறுத்துங்கள். பணம் வாங்குவதற்கு யாரும் யுபிஐ பின் போட வேண்டியதில்லை.

இது உண்மையில் கைகொடுப்பது சென்னை, பெங்களூரில் இருக்கும் டெல்டாக்காரர்களிடம். குலதெய்வக் கோயில் பக்கம், ஓய்வுக்காலத்துக்கு ஒரு வீடு என்று தேடுபவர்கள் இணையத்தில்தான் பார்க்கிறார்கள். படம் நன்றாக இருக்க வேண்டும்: காலை எட்டிலிருந்து பத்துக்குள், முற்றத்தில் வெயில் விழும்போது எடுங்கள். வாசல் கதவு, ரேழி, கூடம், சமையலறை, கிணறு, கொல்லைக் கதவு, தெருவின் இரு பக்கம் என்று வரிசையாக. பத்திர நகலை இணையத்தில் ஏற்றாதீர்கள்.

மறைவான செலவு உங்கள் நேரமும் ரயில் டிக்கெட்டும். ஒவ்வொரு கிராக்கிக்கும் நீங்களே வந்து திறந்து காட்ட வேண்டும், அல்லது காட்ட ஓர் ஆளை வைக்க வேண்டும். அந்த ஆள் மூன்றாவது மாதத்தில் தானே தரகராகிவிடுவார், அதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | தெருத் தரகர் | டவுன் ஏஜென்ட் | பத்திர ஆபீஸ் | நாமே |
|---|---|---|---|---|
| கிராக்கி | அதே ஊர், அக்கம்பக்கம் | சம்பளக்காரர், வெளியூர் | நிலம் விற்றுப் பணம் வைத்திருப்பவர் | வெளியூர் டெல்டாக்காரர் |
| பணம் | கையிருப்பு | வங்கிக் கடன் | கையிருப்பு | இரண்டும் |
| பேப்பர் உதவி | குறைவு | நன்று | மிக நன்று | இல்லை |
| வீடு காட்டுவது | நன்று | உண்டு, பையன்கள் வழி | இல்லை | உங்கள் பொறுப்பு |
| பெரிய ஆபத்து | மேலே வைத்து விற்பது | அக்ரிமென்ட், பவர் கேட்பது | இரு பக்கமும் ஒருவரே | மோசடி அழைப்பு |
| வெளிநாட்டில் இருப்பவருக்கு | தனியாகப் போதாது | பொருத்தம் | துணைக்கு | கடினம் |

எங்கள் கணிப்பு: டவுன் வீடு என்றால் ஓர் ஏஜென்ட். கிராமத்து வீடு, அக்ரஹாரத்து வீடு என்றால் முதலில் பக்கத்து வீட்டுக்காரரிடம் நேரே பேச்சு, படியவில்லை என்றால் தெருத் தரகர், பேப்பருக்கு ஆவண எழுத்தர். நான்கு தரகரிடம் ஒரே நேரத்தில் சொல்வது மட்டும் வேண்டாம். ஒரே கிராக்கி ஒரே வாரத்தில் மூன்று விலை கேட்பார், இந்த வீட்டில் ஏதோ வில்லங்கம் என்று முடிவு கட்டுவார். பதிவு நாளில் யார் கூட்டிவந்த பார்ட்டி என்று தரகர்களுக்குள் சண்டை, அதுவும் உங்கள் வாசலில்.

## ஒரு வாரச் சோதனை

ஆளைத் தேர்ந்தெடுக்கும் முன், இரண்டு மூன்று பேரிடம் ஒரே கேள்விகளை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்:

1. எங்கள் தெருவில் கடைசியாக விற்ற இரண்டு வீடுகள் எவை, சதுர அடி என்ன விலைக்குப் போனது?
2. எங்கள் தெருவுக்கு வழிகாட்டி மதிப்பு (பதிவுக்காக அரசு வைத்திருக்கும் விலை) எவ்வளவு?
3. எங்கள் வீட்டை யார் வாங்குவார் என்று நினைக்கிறீர்கள், ஏன்?

இரண்டாவதன் விடையைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளில் மூன்றுக்கும் ஏதோ ஒரு பதில் தருபவரைப் பிடிக்கலாம். “நேர்ல வாங்க சார், பாத்துக்கலாம்” என்பவரை விட்டுவிடலாம். தெருத் தரகருக்கு எழுதச் சிரமம் என்றால் குரல் பதிவாக அனுப்பட்டும், அது பாதகமில்லை. மூன்றாவது கேள்விக்கு அவர் சொல்லும் பதிலை மட்டும் கவனமாகக் கேளுங்கள். அண்டை வீட்டுக்காரர் பெயரையே சொல்லாதவருக்கு உங்கள் தெரு தெரியாது.

பிறகு உங்கள் மைத்துனரையோ நண்பரையோ வாங்குபவர் போல அவருக்குப் போன் போடச் சொல்லுங்கள். எத்தனை மணி நேரத்தில் திருப்பிக் கூப்பிடுகிறார், என்ன விலை சொல்கிறார், “ஓனருக்கு அவசரம், கொறைச்சுப் பேசலாம்” என்று உங்களைக் காட்டிக்கொடுக்கிறாரா என்று தெரிந்துவிடும். விற்பவர் போனை எடுத்து, வாங்குபவர் போனை எடுக்காத தரகரும் உண்டு. அவரால் உங்களுக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்லை.

## எழுதி வாங்க வேண்டியது

ஒரே பக்கத்தில் ஒரு கடிதம் போதும். இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல். அதில் இருக்க வேண்டியவை: 60 நாளுக்கு இவர் ஒருவரே, கமிஷன் இத்தனை சதவீதம், பத்திரம் பதிவான அன்று மட்டும், வங்கி வழியாக, மேலே வைத்து விற்பதில்லை, வரும் எந்த விலையையும் அன்றே தெரிவிப்பது, டோக்கன், அட்வான்ஸ் எல்லாம் உரிமையாளர் கணக்குக்கு நேரடியாக, தரகர் பெயரில் ஒப்பந்தமோ பவரோ இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் வாங்கினால் கமிஷன் பாதி, அல்லது இல்லை. கடைசி வரியை முதலிலேயே பேசிவிடுங்கள், பின்னால் மனஸ்தாபம் வருவது அதில்தான்.

ஒவ்வொரு முறை வீடு காட்டிய பிறகும் ஒரு செய்தி அனுப்பச் சொல்லுங்கள்: தேதி, வந்தவர் ஊர், கேட்ட விலை, சொன்ன குறை. பத்துப் பேர் பார்த்து எட்டுப் பேர் “கழிவறை கொல்லையில் இருக்கு” என்றால், உள்ளே ஒன்று கட்டிக் கொடுத்து விற்கலாமா என்று யோசிக்கலாம். எட்டுப் பேர் விலையைச் சொன்னால் விலைதான் கோளாறு. இரண்டு வாரம் யாருமே வரவில்லை என்றாலும் “யாரும் வரலை” என்று ஒரு வரி வர வேண்டும். அந்த வரியை அனுப்பக் கூச்சப்படாத தரகர்தான் நீங்கள் தேடும் ஆள்.

உங்கள் பக்கமும் சில வேலை உண்டு. மின் இணைப்பைத் துண்டிக்கவிடாதீர்கள். பூட்டிய வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கட்டணம் பெரிதாக இருக்காது. வௌவால் வாடை வீசும் கூடத்தில் செல்போன் வெளிச்சத்தில் காட்டிய வீட்டை யாரும் நல்ல விலைக்குக் கேட்பதில்லை. மாதம் ஒருமுறை கதவைத் திறந்து பெருக்கி, கொல்லையை வெட்டிவிட ஓர் ஆளுக்குச் சொல்லிவையுங்கள். சொத்து வரி பாக்கி இல்லாமல் இருக்கட்டும். விலை கேட்டு வரும் அழைப்புக்கு அன்றைக்கே பதில் சொல்லுங்கள். அண்ணன் அமெரிக்காவில், தங்கை சென்னையில், முடிவு எடுக்க மூன்று வாரம் என்றால் தரகர் போனை எடுக்காததில் நியாயம் உண்டு. உடன்பிறந்தவர்களுக்குள் அடிவிலையை முன்பே பேசி, பேரம் முடிக்கும் உரிமையை ஒருவரிடம் கொடுங்கள்.

## பத்திர விலை பற்றி ஒரு எச்சரிக்கை

முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று ஒன்பது சதவீதம் வாங்குபவர் செலவு. அதைக் குறைக்க, “பத்திரத்துல கம்மியாப் போட்டு மிச்சத்தை ரொக்கமாத் தர்றோம்” என்று தரகர் வழியாகச் சொல்லி அனுப்புவார்கள். இதில் மாட்டுவது நீங்கள். அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் விற்பவருக்கு வரலாம். இந்த யோசனையைத் தானாக எடுத்து வைக்கும் ஏஜென்ட், அவர் எவ்வளவு சுறுசுறுப்பாகப் போன் எடுத்தாலும், வேண்டாம்.

கும்பகோணத்தில் இன்னொரு பல்லவியும் கேட்கும்: “2028 மகாமகம் வரட்டும் சார், விலை ரெண்டு மடங்கு.” விலையை உயர்த்திச் சொல்லி உங்களைத் தன் பக்கம் வைத்துக்கொள்ள அது ஒரு வழி. இந்த வருடம் வந்திருக்கும் கிராக்கி என்ன தருகிறார் என்பதை மட்டும் கேளுங்கள்.

## 60 நாள் முடிந்து ஆளை மாற்றினால்

சண்டை வேண்டாம். தேதி போட்டு ஒரு செய்தி: “இன்றோடு நம் ஏற்பாடு முடிந்தது. இதுவரை நீங்கள் காட்டியவர்களின் பட்டியல் இது. இவர்களில் யாராவது மூன்று மாதத்துக்குள் வாங்கினால் உங்கள் கமிஷன் உண்டு.” இந்த வரி இருந்தால் அவரும் புது ஆளுக்கு இடைஞ்சல் செய்ய மாட்டார், சின்ன ஊரில் அது முக்கியம்.

சாவியைக் கையில் வாங்கிய பிறகும் பூட்டை மாற்றிவிடுங்கள். கொடுத்த நகல்களைத் திரும்பக் கேளுங்கள். நகல் கொடுக்கும்போதே குறுக்கே “பார்வைக்கு மட்டும்” என்று எழுதி, அவர் பெயரும் தேதியும் போட்டுக் கொடுத்திருந்தால் இன்னும் நல்லது. மூலப் பத்திரத்தை எந்தத் தரகரிடமும் ஒரு நாளும் விட்டுவைக்காதீர்கள், ஜெராக்ஸ் எடுக்கப் போகிற அரை மணி நேரத்துக்குக்கூட. புது ஆளிடம் பேசும் முன் வில்லங்கச் சான்றை இன்னொரு முறை போட்டு, நடுவில் எதுவும் ஏறவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.